பெயர் சொல்லாமல் போட்ட சோறு

படகுத்துறையில் காரை நிறுத்திவிட்டு இறங்கியதுமே, டீசலும் அழுகின மீனும் கலந்த வாடை ராமசுப்ரமணியனின் மூக்கில் குப்பென்று ஏறியது. வெங்காயம் நறுக்குவதற்கே நாள் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு மகள் பார்க்கப் போகிறாளே என்று அவசரமாக எடுத்துவிட்டார்.

மகள் அவரைப் பார்க்கவே இல்லை. மானஸா காரின் பின்கதவைத் திறந்து கேமராப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. கடலுக்கடியில் போய்ப் படமெடுப்பதுதான் தன் வாழ்க்கை என்று எப்போதோ முடிவு கட்டியவள். பள்ளி மாணவர்களுக்கான காட்டுயிர்ப் படப் போட்டி ஒன்றுக்குச் சுறாக்களைப் பற்றி ஒரு படம் அனுப்ப வேண்டும் என்று ஆறு மாதமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். வழிகாட்டியோடு இறங்கி, சுறாக்களுக்கு இரை போடுவதைப் பக்கத்திலிருந்து படம் பிடிக்கிற பயணம் ஒன்றை இணையத்தில் அவளேதான் கண்டுபிடித்தாள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. பதினெட்டு ஆகாதவர்கள் இறங்கினால், பெற்றோரில் ஒருவர் கூடவே இறங்க வேண்டும்.

மனைவி ஷ்யாமளாவுக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி. ஆகவே நாற்பத்தேழு வயதில், டெக்ஸாஸில் அவர்கள் குடியிருக்கும் காப்பெல் ஊர் நீச்சல்குளத்தில் வாண்டுகளெல்லாம் வேடிக்கை பார்க்க, ராமசுப்ரமணியன் நீச்சல் கற்றுக்கொண்டார். அப்புறம் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சுவிடக் கற்றுக்கொண்டார். ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். "ராம், மிட்லைஃப் கிரைசிஸா?" என்று கேட்டார்கள். ஆபீஸில் அவர் வெறும் ராம்தான். முழுப் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, எப்போதாவது கோயில் அர்ச்சனையில் குருக்கள் வாயில் வரும், அவ்வளவுதான்.

உண்மைக் காரணம் வேறு. அவர் தமிழில் கேட்பார், மானஸா ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் இந்த இரண்டு வருடமாக அந்தப் பதிலும் "ஓகே", "ஃபைன்" என்று சுருங்கிவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டே பெண்ணைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று பயந்தார். அவளைத் திரும்பப் பிடிக்க இந்தக் கடலை விட்டால் வேறு வழியில்லை என்று நம்பினார்.

நம்பியது வீண் போகவில்லை. வழியில் ராத்தங்கிய மோட்டலிலிருந்து கிளம்பும்போது, ஷ்யாமளா கட்டிக் கொடுத்த புளியோதரை, தயிர் சாதம், எள்ளு சாத டப்பாக்களை அவர் காரில் ஏற்றுவதைப் பார்த்து மானஸா சிரித்தாள். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தாள்.

"சோ, அப்பா, யூ வோன்ட் ஈவன் டச் ஃபிஷ். வாட் வில் யூ ஃபீட் தி ஷார்க்? கர்ட் ரைஸ்?"

அந்தச் சிரிப்பை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். அதிலிருந்துதான் எல்லா வினையும் வந்தது.

படகு கிளம்பியது. வழிகாட்டியின் பெயர் டெப். வெயிலில் வெந்த முகம், கரகரத்த குரல், எதற்கும் அலட்டிக்கொள்ளாத டெக்ஸாஸ்காரி. இவர்களைத் தவிர வயதான அமெரிக்கத் தம்பதி ஒன்று மட்டும்தான் இருந்தது. கரை மறைந்த பிறகு, தொடுவானத்தில் எண்ணெய்க் கப்பல்கள் துறைமுகத்துக்குள் போக முறை வைத்துக் காத்து நின்றன. இரும்புக் கோட்டைகள் அசையாமல் நின்றாற்போல் இருந்தது.

டெப் பேச்சுவாக்கில் அவற்றைக் காட்டினாள். போன நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முன்னால், அப்படி ஒரு கப்பலிலிருந்து ஒரு தொழிலாளி தவறி விழுந்துவிட்டானாம். இந்தியாக்காரன் என்று சொன்னார்கள். ஹெலிகாப்டர் வந்து தேடியது, உடம்பு கிடைக்கவில்லை.

"பேர் என்ன?" என்று ராமசுப்ரமணியன் கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. செய்தியில் பெயர் வரவில்லை என்றாள். பாவம் என்று அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு அதை மறந்துவிட்டார். யாருக்கும் நடப்பதுதான்.

நீரில் இறங்குமுன் டெப் விதிகளைச் சொன்னாள். கடலில் எண்ணெய் எடுக்கக் கட்டிப் பிறகு கைவிட்ட இரும்பு மேடையின் அடிவாரத்தில், மணலில், எல்லோரும் வரிசையாக மண்டியிட வேண்டும். கைகளை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். கேமராவை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், நீட்டக் கூடாது. இரை போடுவது டெப் மட்டும்தான். அவள் உடம்பு முழுக்க இரும்பு வளையங்களால் பின்னின சட்டை போட்டிருந்தாள். கேமராவைத் தவிர வேறெதையும் யாரும் கீழே கொண்டுவரக் கூடாது.

ராமசுப்ரமணியன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அவருடைய மிதவைச் சட்டையின் பையில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், மூன்று எள்ளு சாத உருண்டைகள் இருந்தன.

அவர் யோசிக்காமல் எதையும் செய்கிறவர் இல்லை. தயிர் சாதம் தண்ணீரில் கரைந்துவிடும். புளியோதரை எண்ணெய் விட்டு உதிர்ந்துபோகும். எள்ளு சாதம்தான் நன்றாக உருண்டை பிடிக்க வரும், கறுப்பு எள் வீடியோவில் எடுப்பாகவும் தெரியும். சுறாவுக்குச் சோறு போடுகிற அப்பா. மகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள், தோழிகளுக்கெல்லாம் காட்டுவாள். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கீழே போகப் போகச் சூரியன் பச்சையானது. பிறகு பச்சையும் கலங்கியது.

மேடையின் இரும்புக் கால்கள் சிப்பியும் பாசியும் பிடித்துக் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. மணலில் முழங்கால் பட்டபோது ஈரக் களிமண்ணில் உட்கார்ந்தது போலப் பிசுபிசுத்தது. அவர் மூச்சு அவர் காதிலேயே பெரிய சத்தமாகக் கேட்டது. இழுக்கும்போது ஓர் இரைச்சல், விடும்போது குமிழிகளின் கலகலப்பு. பக்கத்தில் மானஸா மண்டியிட்டு, கேமராவைக் கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அவள் கேமராவின் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது.

டெப் இரும்புக் கழியால் இரைப் பெட்டியைத் தட்டினாள்.

டங். டங். டங்.

தண்ணீருக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிவதில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. சாப்பாட்டுக்கு வாருங்கள் என்று கடல் முழுவதையும் கூப்பிடுகிற மணி. கலங்கலுக்குள் ஒரு நிழல் திரும்பியது. அப்புறம் இன்னொன்று. ஆள் நீளச் சுறாக்கள், அவசரமே இல்லாமல், முகத்தை உரசுவது போலக் கடந்து போயின. டெப் மீன் தலையை நீட்ட, அவை வாயைத் திறந்து மூடின. அந்தச் சத்தம் மார்புக்கூட்டுக்குள் கேட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் மானஸா ஒரு தடவை திரும்பிப் பார்த்து, எல்லாம் சரி என்று இரண்டு விரலை வளையமாக்கிக் காட்டினாள். கண்ணாடிக்குள் அவள் கண் சிரித்தது. அவருக்குப் பயம் போயே போய்விட்டது.

டெப்பின் முதுகு இந்தப் பக்கம் திரும்பியபோது அவர் பைக்குள் கையை விட்டார்.

உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மானஸாவின் கேமரா உடனே அவர் பக்கம் திரும்பியது. அவள் வாயிலிருந்து குமிழிகள் பொங்கின, சிரிக்கிறாள். கை விரிந்ததும் உருண்டை மெல்ல நழுவிக் கலங்கலுக்குள் இறங்கியது.

அது தரையில் விழவில்லை.

எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. சுறா கவ்வியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவதை விட்டார். அதுவும் போயிற்று. மூன்றாவதை மகள் கையில் வைத்தார். மானஸா ஒரு கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

அப்போதுதான் சுறாக்கள் இல்லை என்பதைக் கவனித்தார்.

ஒன்றுகூட இல்லை.

டெப் பெட்டியைத் தட்டினாள். எதுவும் வரவில்லை. திறந்த பெட்டியில் மீன் அப்படியே கிடந்தது. அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டினாள்.

மானஸா எழுந்திருக்கவில்லை. நீட்டின கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கிளம்பினாள்.

மேலே வந்து படகில் உட்கார்ந்ததும் டெப் எல்லோருக்கும் போர்வை கொடுத்தாள். இத்தனை வருடத்தில் இரையை விட்டுவிட்டுச் சுறா போனதைப் பார்த்ததே இல்லை என்று தனக்குள் முணுமுணுத்தாள். ராமசுப்ரமணியன் வாயைத் திறக்கவில்லை. சோற்று விஷயம் தெரிந்தால் மானம் போய்விடும்.

"பசிக்கி," என்றாள் மானஸா.

அவர் திரும்பினார். ஒரு நொடி அவருக்குப் புரியவில்லை. பிறகு உறைத்தது. தமிழ்! தன் பெண், தானாக, யாரும் கேட்காமல், தமிழில் பேசுகிறாள்!

"பசிக்கறதாடா கண்ணா? இதோ, இதோ." ஓடிப்போய் டப்பாக்களை எடுத்து வந்தார்.

அவள் ஸ்பூனைத் தொடவில்லை. கையை டப்பாவுக்குள் விட்டு, புளியோதரையை அள்ளி அள்ளி வாயில் திணித்தாள். மெல்லாமல் விழுங்கினாள். பீட்ஸாவைக்கூட முள்கரண்டியால் சாப்பிடுகிற பெண், புறங்கையில் வழிந்ததை நக்கினாள். தயிர் சாதமும் காலியானது. அமெரிக்கப் பாட்டி புன்னகையோடு பார்த்தவள், கொஞ்ச நேரத்தில் புன்னகையை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மெதுவா சாப்பிடு, மானு."

"எம்புட்டு நாளாச்சி சோறு தின்னு," என்றாள் அவள். "இன்னும் கெடக்கா, அண்ணாச்சி?"

அண்ணாச்சி.

அவர் வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. காப்பெலில் அவர் பழகும் எந்த வீட்டிலும் பேசுவதில்லை. அது தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. காப்பெலிலேயே பிறந்து வளர்ந்தவள், இந்தியாவில் சென்னை மாம்பலத்தைத் தாண்டி எந்த ஊரையும் பார்க்காதவள், அதை எங்கே கேட்டிருப்பாள்?

போர்வை சரிந்தபோது அவள் மணிக்கட்டு தெரிந்தது. வெளுத்துப் போய் ஐந்து விரல் தடங்கள் இருந்தன.

கரைக்கு வந்து காரில் ஏறிய பிறகும் அவள் முடி காயவில்லை. சொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு துண்டுகளால் துவட்டியும், ஹீட்டரைப் போட்டும், சீட் நனைந்து தரையில் தண்ணீர் தேங்கியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு கரித்தது.

ஊர் எல்லையில் கடற்கரை ஓரமாகக் காரை நிறுத்தினார். ஓட்ட முடியவில்லை. மானஸா கண்ணை மூடாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய கேமராவை எடுத்து, அதன் சின்னத் திரையில் வீடியோவை ஓட்டினார்.

சுறாக்கள் வந்தன, போயின. பிறகு கேமரா திரும்பியது. கண்ணாடிக்குள் அசட்டுத்தனமாகச் சிரிக்கிற தன் முகம். உருண்டை நழுவியது.

கீழேயிருந்து இரண்டு கைகள் வந்தன.

வெள்ளையாக ஊறிப்போன கைகள். மணிக்கட்டு வரை ஆரஞ்சு நிறச் சட்டைக் கை, கப்பல்காரர்கள் வேலைக்குப் போடுகிற முரட்டுத் துணி. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்தக் கைகள் ஏந்தியிருந்த விதத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இடது கை கீழே, வலது கை மேலே குழித்து, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி. அத்தனை பணிவாக, அத்தனை பக்தியாக அவர் போட்ட சோற்றை அவை வாங்கிக்கொண்டன.

இரண்டாவது உருண்டையையும் அப்படியே வாங்கின.

மூன்றாவது மானஸாவின் கையில். இந்தத் தடவை அந்தக் கைகள் ஏந்தவில்லை. உருண்டையை விட்டுவிட்டு, அவற்றில் ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

கேமரா ஆடியது. குமிழிச் சத்தத்துக்கு நடுவில், தண்ணீருக்குள் யாரும் பேச முடியாத இடத்தில், ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் போடுங்க."

அவர் கேமராவைக் கீழே போட்டுவிட்டுக் காரை விட்டு இறங்கி ஷ்யாமளாவுக்குப் போன் செய்தார்.

"ஏன்னா, நன்னா ஆச்சா? மானு எப்படி இருக்கா?"

"ஷ்யாமு, ஒண்ணு சொல்றேன், பதறாதே." எல்லாவற்றையும் கொட்டினார்.

"எள்ளு சாதத்தையா? உருட்டியா? ஜலத்துலயா விட்டேள்?"

"விளையாட்டுக்குடி... மானு சிரிக்கணும்னு..."

"உங்க அப்பா போனப்போ எள்ளும் சாதமும் உருட்டித்தானே வெச்சேள்? பேரும் கோத்திரமும் சொல்லித்தானே வெச்சேள்? எதுக்கு சொல்றோம்? அது அவருக்குத்தான் போய்ச் சேரணும்னு. பேர் சொல்லாம குடுத்தா, யார் பசியோட நிக்கறாளோ அவா வந்து வாங்கிப்பா. இது தெரியாதா உங்களுக்கு?" அவள் அழுதுகொண்டிருந்தாள். "அது இப்ப அவளை விடாதுங்கோ."

"என்ன பண்றது, சொல்லேன்!"

"பேரைக் கேளுங்கோ. பேரைச் சொல்லி ஒரு உருண்டை குடுத்து, போயிடுன்னு சொல்லுங்கோ. வேற எனக்கு என்ன தெரியும்? நான் இப்பவே கிளம்பி வரேன். எம்பொண்ணைக் காப்பாத்துங்கோ."

எள்ளு சாத டப்பாவின் அடியில் ஒரு கைப்பிடிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சுரண்டி எடுத்து உருட்டினார். காரின் கதவைத் திறந்தார். மானஸா தானாகவே இறங்கினாள். செருப்பில்லாத காலோடு மணலில் நடந்து, முழங்கால் ஆழத் தண்ணீரில் போய் நின்றுகொண்டாள். சூரியன் கரைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் அந்தக் கப்பல்கள் விளக்கேற்றியிருந்தன. அவள் அவற்றைப் பார்த்த பார்வையில் வீட்டைப் பார்க்கிற ஏக்கம் இருந்தது.

அவர் பக்கத்தில் போய் நின்றார். பயத்தில் பல் கிட்டியது.

"யாருப்பா நீ? பேர் என்ன?"

அவள் திரும்பினாள். உதட்டோரத்திலிருந்து தண்ணீர் வழிந்தது.

"மானஸா."

தமிழில்தான் சொன்னாள். ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

"அது எம்பொண்ணு பேரு. உம்பேரைச் சொல்லு."

"மானஸாதான்."

"ஊரு?"

"காப்பெல்."

"கோத்திரம்?"

"பாரத்வாஜ கோத்திரம், அண்ணாச்சி."

கோயிலில் குருக்கள் கேட்கும்போதெல்லாம் மானஸா தோளைக் குலுக்குவாள். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் அவள் வாயில் நுழையாத வார்த்தை அது. இப்போது பிசிறில்லாமல் வந்தது. உள்ளே இருந்தது அவளுடைய பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளை அடியோடு எடுத்துக்கொண்டிருந்தது. தன் சொந்தப் பெயரைக் கடலில் எங்கேயோ தொலைத்துவிட்டு, கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

இந்தப் பெயரைச் சொல்லி உருண்டை கொடுத்தால், போகப்போவது மானஸாதான்.

அவள் இரண்டு கைகளையும் ஏந்தினாள். இடது கை கீழே, வலது கை மேலே.

"போடுங்க. பேரைச் சொல்லிப் போடுங்க. நான் போயிருதேன்."

அலை வந்து இடுப்பு வரை நனைத்தது. அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள், கடலுக்குள். இன்னும் ஓர் அடி. ராமசுப்ரமணியனின் மூளை எத்தனையோ வழி தேடியது. கொடுக்காமல் விட்டால் இவளை இழுத்துக்கொண்டு போகும். கொடுத்தாலும் போவது இவள்தான். அதற்கு வேண்டியது ஒரு பெயர். கொடுப்பதற்கு உரிமையுள்ள பெயர் என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

அவர் குனிந்து உருண்டையை அந்தக் கைகளில் வைத்தார்.

"அவ பேரைக் குடுத்துடு. எம்பேரை எடுத்துக்கோ." பிறகு திவசத்தில் அப்பாவுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார். "பாரத்வாஜ கோத்திரம், ராமசுப்ரமணிய சர்மா."

கைகள் மூடிக்கொண்டன.

கடல் ஒரு மூச்சு நின்றது. அலையே இல்லை.

மானஸா அப்படியே சரிந்தாள். அவர் பாய்ந்து பிடித்துத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார். மணலில் கவிழ்த்துப் போட்டதும் அவள் வாயிலிருந்து கறுப்பான தண்ணீர் கொட்டியது, ஒரு குடம் அளவுக்கு. இருமினாள். கண்ணைத் திறந்தாள்.

"அப்பா? வாட் ஹாப்பண்ட்? ஐ'ம் ஃப்ரீஸிங்."

வாழ்நாளில் முதல் தடவையாக, தன் பெண் ஆங்கிலத்தில் பேசியதைக் கேட்டு ராமசுப்ரமணியன் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

அவளுக்கு எதுவும் நினைவில்லை. தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிட்டது என்று சொல்லி வைத்தார்கள். உருண்டை வருகிற துண்டை அவர் கேமராவிலிருந்து அழித்துவிட்டார். மிச்சமிருந்ததை வைத்தே அவள் படத்தை முடித்தாள். போட்டியில் இரண்டாம் பரிசும் கிடைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், அவள் அவரோடு பேச ஆரம்பித்தாள். பள்ளியில் நடந்தது, தோழி அதிதி சொன்னது, அடுத்து எங்கே இறங்கலாம் என்பது, எல்லாவற்றையும். வீட்டில் பழைய கலகலப்பு திரும்பியது. ஷ்யாமளா எள்ளை மட்டும் வீட்டுக்குள் விடவில்லை.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் நடந்தன. அவர் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தார். ஆபீஸில் யாராவது "ராம்" என்று கூப்பிட்டால், தன்னைத்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எதைச் சாப்பிட்டாலும் உப்பு கரித்தது. ஒருநாள் கோயிலில் குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். ராமசுப்ரமணியன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நாக்கு நுனியில்கூட இல்லை. இருந்த இடமே துடைத்தாற்போல் இருந்தது. ஷ்யாமளாதான் சொன்னாள். குருக்கள் அந்தப் பெயரைச் சொல்லி மந்திரம் சொன்னபோது, அவருக்குப் பின்னால் யாரோ ஈரத் துணியோடு வந்து நிற்கிற சொதசொதப்பு கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஷ்யாமளா வெண்டைக்காய் சாம்பார் வைத்திருந்தாள், வீடெல்லாம் மணந்தது. சாப்பாட்டு மேஜையில் அவர், எதிரே மானஸா. அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"அப்பா, ஸ்மைல்," என்று மானஸா போனைத் தூக்கிப் படமெடுத்தாள். எதற்கெடுத்தாலும் படமெடுக்கிறவள். பார்த்துச் சிரித்தாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள்.

"வியர்ட்."

"என்னடா?"

"இந்த ஆப் எல்லார் முகத்தையும் ஆட்டோமேட்டிக்கா டேக் பண்ணும். இட்ஸ் சோ டம்ப் டுடே. பாருங்க."

போனை அவர் பக்கம் திருப்பினாள். மேஜை தெரிந்தது, தட்டுகள் தெரிந்தன, ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. காலி நாற்காலியின் மேல், ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில், சின்ன வெள்ளைக் கட்டம் விழுந்திருந்தது. அதன் கீழே மகள் தன் கையால் எப்போதோ பதிந்து வைத்த பெயர்.

அப்பா.

அவர் முகத்தின் மேலும் ஒரு கட்டம் இருந்தது. அதன் கீழே பெயர் இல்லை. இவர் யார் என்று மட்டும் போன் கேட்டிருந்தது.

மானஸா சிரித்துக்கொண்டே அதைச் சரிசெய்யப் பார்த்தாள். விரலால் தட்டினாள், மறுபடி தட்டினாள். அது ஏற்றுக்கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலியின் காலைச் சுற்றித் தரையில் தண்ணீர் மெல்லப் பரவுவதை ராமசுப்ரமணியன் பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அது போதும் என்று இருந்தது அவருக்கு.

"ஏன்னா," என்று சமையலறையிலிருந்து ஷ்யாமளா கூப்பிட்டாள். "சாதம் போடட்டுமா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து, அவருடைய குரலிலேயே, பதில் போய்விட்டது.

"போடு. பசிக்கி."

ஷ்யாமளா சாதத்தோடு வந்தாள். அவரைத் தாண்டிப் போய், காலி நாற்காலிக்கு முன்னால் தட்டை வைத்தாள்.